ஒரு கதிரைக்கு எழுதிய நன்றி

எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு கப்பல் ஏஜன்சிக் கந்தோரில் நடந்தது இது. அங்கே ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தேன். போய் வந்த கையோடு அந்தக் கந்தோருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதம் பார்த்த வேலையை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

என் ஊர் கிண்ணியா. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, வீட்டில் அடம் பிடித்து, டவுனுக்குப் போய்த் தட்டச்சுப் படித்தவள் நான். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் கந்தோர் வேலைக்குப் போன வழக்கம் கிடையாது. நான் வகுப்புக்குப் போகும்போதே ஆளுக்கொரு கதை கதைத்தார்கள். அந்தக் கதைகளையெல்லாம் உம்மா என்னிடம் வந்து ஒப்புவிப்பா, என்னவோ நான்தான் அவர்களுக்கு வாய் கொடுத்ததைப் போல. இந்த நிலைமையில்தான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. கவுண்டரில் இருந்து பில் எழுதவும் தட்டச்சுப் பண்ணவும் ஒரு ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள். வெட்டி எடுத்து வாப்பாவிடம் நீட்டினேன். வாப்பா கருவாட்டு வியாபாரி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். என்றாலும் கடைசி வரி மட்டும் விடாமல் வாசித்தார். சிபாரிசு தேடுகிறவர்களின் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும் என்பது அந்தக் கடைசி வரி. அது அவருக்கு மிகவும் பிடித்துப் போனது.

“நமக்கு எந்த எம்.பி.யத் தெரியும்? நல்லது. ஒரு தரம் போய்ப் பாப்பம்,” என்றார். பிறகு விரலை நீட்டினார். “ஆனா ஒரு தரம்தான் மகள். சரிவந்தா அல்லாட நாட்டம். வராட்டி, வேல கீல எண்டு அதுக்குப் பொறகு இந்த வீட்டுல கதைக்கப்படாது. என்ன?”

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த ஒரு தரம்தான் எனக்கு எல்லாமே.

நேர்முகப் பரீட்சை நாளன்று, விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டோம். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். பஸ்ஸையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற மிதவையைத்தான் ‘பாதை’ என்போம். பாதையில் நிற்கும்போது வாப்பா ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு நின்றார். வள்ளத்தில் இருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்ததில் கெட்ட கால் அது. நெடுநேரம் நின்றால் வீங்கிவிடும். நான் மட்டும் போய் வருகிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். “உன்னயத் தனிய அனுப்பிப்போட்டு ஊட்டுல இருந்து நான் என்ன செய்ய, சுவரையா பாக்கிற?” என்று சொல்லிவிட்டார்.

கந்தோர் வாசலில் காக்கிச் சட்டை போட்ட பியோன் ஒருவர் நின்றார். நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம், கூட வந்தவர்கள் வெளியில் நிற்க வேண்டும் என்றார். வாப்பா சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். “எனக்கு நிண்டு பழக்கம், நீ போ,” என்றார். அது உண்மைதான். சாமான் அனுப்புகிறதற்கும் பெர்மிட் எடுக்கிறதற்கும் அந்தத் துறைமுகத்துக் கந்தோர்களுக்கு வருடக் கணக்காக நடந்தவர். ஒரு கந்தோரிலும் அவரை யாரும் கதிரை காட்டி இருக்கச் சொன்னதில்லை.

உள்ளே அறைகளுக்கு நடுவில் நீண்ட ஒரு ஓடை, நடந்து போகிற வழி. அதில் சில கதிரைகள் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஆட்கள். கடைசிக் கதிரையில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் இருந்தாள். மணிக்கட்டில் மணிக்கூடு, மடியில் குடை, கழுத்தில் சின்னச் சிலுவை. பியோனிடம் ஏதோ இங்கிலீஷில் கேட்டாள், அவரும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். சரி, இவளுக்குத்தான் இந்த வேலை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன், உதட்டளவில்.

அவளுக்கு முதல் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் மனேஜர். மூக்குக்கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து மனிதர், குரல் உயராமல் பேசினார். தட்டச்சு இயந்திரத்தில் ஒரு நீளமான பில்லை அடிக்கத் தந்தார்கள். அது போனபடி போனது. பிறகு, ஒரு லொறிக்காரர் கவுண்டரில் வந்து நின்று கத்தினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். “அவர் கத்தி முடியிறதுக்குள்ள அவர்ட பில்ல அடிச்சு முடிச்சிருவேன்,” என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வர நல்ல நேரம் எடுத்தது. வந்து பார்த்தால் எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. வாப்பா ஓடைக்குள், மின்விசிறிக்கு நேரே, ஒரு கதிரையில் சாய்ந்து இருக்கிறார். காலை நீட்டிக்கொண்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஒரு இருப்பு. நீலச் சேலைக்காரி சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். இருந்தால் சேலை மடிப்புக் கலைந்துவிடும் என்று நிற்கிறாளாக்கும், என்ன ஒரு எடுப்பு என்று நினைத்துக்கொண்டே அவளைக் கடந்து போனேன். எங்களுக்குப் பின்னால் அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

வாசலைத் தாண்டியதும் வாப்பா என் கையைப் பிடித்தார்.

“தொர என்னய உள்ளுக்கு வந்து இரிக்கச் சொன்னாரு மகள்.”

“ஆரு வாப்பா, மனேஜரா?”

“ஓம். ஆள் அனுப்பிச் சொன்னாரு.”

அன்று முழுவதும் அவருக்கு அதுதான் பேச்சு. என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பாதையில் கயிறு இழுத்தவரிடம் சொன்னார். எங்கள் சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் சொல்லும்போது கதை கொஞ்சம் வளர்ந்திருந்தது. மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னதும் துரைதான் என்று ஆகிவிட்டது. நான் திருத்தவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அன்றுதான் பார்த்தேன்.

அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்தேன். நன்றிக் கடிதம் எழுதும் யோசனை எங்கிருந்து வந்தது என்றால், தட்டச்சு வகுப்புப் புத்தகத்தில் இருந்து. அதில் பயிற்சிக்காக ஒரு இங்கிலீஷ் நன்றிக் கடிதம் இருந்தது. ஒரு வியாபாரி, சவர்க்காரப் பெட்டிகளுக்கு ஓடர் தந்த இன்னொரு வியாபாரிக்கு எழுதியது. அதை நான் எத்தனையோ தரம் அடித்துப் பழகியிருந்தேன். ஆனால் சவர்க்காரத்தை எடுத்துவிட்டுக் கதிரையைப் போட்டால் அந்தக் கடிதம் நிற்க மாட்டேன் என்றது. கடைசியில் தமிழிலேயே, கையெழுத்தில் எழுதினேன்.

உம்மா வந்து பார்த்தா. “வேல தர முன்னுக்கே நன்றியா? தந்தா அப்ப என்னத்தச் சொல்லப் போறாய்?”

“இது வேலைக்கு இல்ல உம்மா. கதிரைக்கு.”

“கதிரைக்கு ஆரும் கடிதம் எழுதுவாங்களா?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. வாப்பா மட்டும் பக்கத்தில் வந்து இருந்தார். “எழுது மகள். எண்ட காலுக்கும் சேத்து எழுது,” என்றார்.

நான் எழுதியது சில வரிகள்தான். என் தந்தை பல வருடங்களாக இந்தத் துறைமுகத்துக் கந்தோர்களின் வாசல்களில் நின்றவர், அன்று நீங்கள் அவரை உள்ளே வந்து இருக்கச் சொன்னீர்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் அதைப் பெரிதாக நினைக்கிறோம், நன்றி. இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் யார்? கெட்டித்தனம் காட்ட வேண்டாமா? ‘இந்தக் கடிதத்துக்கும் என் விண்ணப்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை’ என்று ஒரு வரியையும் சேர்த்து, அதற்கு அடியில் கோடும் போட்டேன். வாப்பா தன் கையாலேயே தபாலில் சேர்த்தார்.

கொஞ்ச நாளில் கந்தோரில் இருந்து பதில் வந்தது. மனேஜர் உங்களை நேரில் பார்க்க விரும்புகிறார், வரவும் என்று இருந்தது. எங்கள் வீட்டில் பெருநாள்தான் போங்கள். உம்மா வட்டிலப்பம் அவித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தா. என்னைப் பற்றிக் கதைத்தவர்களுக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தா. சும்மா கூப்பிடுவார்களா, வேலைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மனேஜரின் அறைக்குள் போனதும் அவர் என்னை இருக்கச் சொன்னார். மேசையில் ஒரு கட்டுக் கடிதங்கள் நூலால் கட்டி இருந்தன. அவற்றை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“இதெல்லாம் இந்த வேலைக்கு வந்த சிபாரிசுக் கடிதம். எம்.பி. எழுதினது, ஃபாதர் எழுதினது, பள்ளிவாசல் ஆக்கள் எழுதினது எல்லாம் கிடக்கு. மேல கிடக்கிறது உங்கட.”

மேலே என் கையெழுத்து. கோடு போட்ட வரி என்னைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தது. விளம்பரத்தின் கடைசி வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிபாரிசு என்றால் எம்.பி.யிடம் போவது என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் விளங்கி வைத்திருந்தோம். வேலை கேட்டுப் போன இடத்துக்கு, முடிவு சொல்ல முதல், நீங்கள் நல்லவர் என்று கடிதம் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

“தொடர்பு இல்லை எண்டு நீங்கள் கோடு போட்டு எழுதினதாலதான் மற்ற ரெண்டு பேருக்கும் சந்தேகம் வந்தது,” என்றார் அவர். கேலி இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். “எனக்கு உங்கட வாயால கேக்க வேணும் போல இருந்தது. என்னத்துக்கு இத எழுதினனீங்கள்?”

பயத்தில் வாய் அடைக்கும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் சுபாவமே அப்படி.

“நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கல்ல ஐயா. வேலய தந்தாலும் சரி, தராட்டியும் சரி, எண்ட வாப்பாவ இரிக்கச் சொன்னது சொன்னதுதானே. அதுக்குத்தான் எழுதினன். அத நான் திருப்பி எடுக்கவும் மாட்டன்.”

மனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அது விளங்குது பிள்ளை. ஆனா ஒண்டு. நான் ஒருத்தரையும் இருக்கச் சொல்லேல்லையே. நாங்கள் மூண்டு பேரும் அண்டைக்கு இந்த அறைய விட்டு வெளிய வரவே இல்லை.”

அவர் மணியை அடித்து அந்தப் பியோனைக் கூப்பிட்டார். நேர்முகப் பரீட்சை அன்று வெளியில் நின்ற ஒரு பெரியவருக்குக் கதிரை கொடுத்தது யார் என்று கேட்டார். பியோன் முதலில் பயந்துவிட்டார். பிறகு சொன்னார்.

“நீலச் சேலை கட்டின பிள்ளைதான் ஐயா. வெளிய ஒரு பெரியவர் வெயிலுக்க கால உதறி உதறி நிக்கிறார், ஒரு கதிரை போடுங்கோ எண்டு என்னட்ட வந்து கேட்டவ. வேற கதிரை இல்லை எண்டு சொன்னனான். பிறகு அவவே எழும்பி வெளிய போய், துரை உங்கள உள்ளுக்கு வந்து இருக்கட்டாம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து தன்ர கதிரையில இருத்தினவ. தான் எழும்பித் தாறன் எண்டு சொன்னா அவர் இருக்க மாட்டார் எண்டவ.”

அது சத்தியமான வார்த்தை. ஒரு குமர்ப் பிள்ளையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இருக்கிற ஆள் இல்லை என் வாப்பா. கால் முறிந்தாலும் நின்றிருப்பார். முன்பின் தெரியாத ஒருத்தி, அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்து, சேலை மடிப்பைப் பற்றி நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பியோன் போன பிறகு மனேஜர் என் கடிதத்தைக் கட்டில் இருந்து உருவி எடுத்துத் தனியாக வைத்தார்.

“இது சிபாரிசு இல்லை. அதை நான் மற்ற ரெண்டு பேருக்கும் சொல்லுறன்,” என்றார். “ஆனா உங்களுக்கு ஒளிக்காமச் சொல்ல வேணும். கடைசியில மிஞ்சினது நீங்களும் அந்தப் பிள்ளையும்தான். ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் செய்தனீங்கள். ஆரை எடுக்கிறது எண்டு எங்களுக்குத் தெரியேல்லை. இது கவுண்டர் வேலை. விடிஞ்சாப் பொழுதுபட்டா ஆக்கள் வந்து நிக்கிற இடம்.” நிற்கிறவரைக் கண்டு எழும்புகிற ஆள்தான் அங்கே தேவை என்பது எனக்கே விளங்கிவிட்டது.

என் கையால், என் மையால், என் வீட்டு முத்திரையை ஒட்டி, அவளுக்கு நான் சிபாரிசுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

எழும்பினேன். கண் கலங்குகிறதை அவர் பார்க்கக்கூடாது என்று திரும்பிவிட்டேன். ஆனால் வாசல் வரை போனவளுக்கு மனம் கேட்கவில்லை. திரும்பி வந்தேன்.

“அந்தக் கடிதம் உங்களுக்குரியது இல்லத்தானே ஐயா. அவவிட்டயே குடுத்திருங்க.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஓம், குடுக்கிறன்,” என்றார்.

வாப்பா வெளியில் மதகுக் கட்டின் மேல் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழும்பிவிட்டார். கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பாதையில் வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வேலை போனது ஒரு பக்கம். கதிரை விஷயத்தை இவருக்கு எப்படிச் சொல்கிறது என்பது மறு பக்கம். வாழ்நாளில் ஒரு தரம் ஒரு துரை தன்னை மதித்து இருக்கச் சொன்னார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனிதர். அதைப் போய் நான் எப்படிப் பறிக்கிறது? சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அதுதான் பெரிய வேதனை ஆகிவிட்டது. தேத்தண்ணிக் கடையில், உங்கள் துரை வேலை தரவில்லையே என்று யாரோ கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். வாப்பா சண்டைக்குப் போய்விட்டார். “வேல குடுக்கிறதும் குடுக்காததும் அவர்ட இஷ்டம். மனுசன மனுசனா நடத்தினாரே, அது போதும்,” என்று சத்தம் போட்டாராம். வீட்டுக்கு வந்து அதை எங்களுக்கும் சொன்னார். நான் நெத்தோலிச் சட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். வேலை என்ற பேச்சு பேசிக்கொண்டபடியே வீட்டில் நின்றுபோனது. தட்டச்சுப் புத்தகத்தை உம்மா அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டா.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறி வரும் நேரம், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். அந்தக் குடை. அந்த மணிக்கூடு. சேலை மட்டும் வேறு நிறம். பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி, பாதை கடந்து, கருவாட்டுக்காரர் வீடு எது என்று கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். கையில் ஒரு கேக் பெட்டி.

வாப்பா உள்ளே இருக்கிறார். ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து, கதிரையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல்வதற்குள் வாப்பா வெளியே வந்துவிட்டார். அவரைக் கண்டதும் அவள் கை கூப்பினாள்.

“ஐயா, என்னை ஞாபகம் இருக்கா? கந்தோரில உங்களக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினனான். உங்களுக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டன். அதுதான் மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துரை ஒன்றும் சொல்லவில்லை, தான்தான் சொன்னது என்றாள். வேலைக்குப் போன முதல் நாள் மனேஜர் என் கடிதத்தை அவளிடம் கொடுத்து, இது விலாசம் மாறி என்னிடம் வந்துவிட்டது என்றாராம். அதை வாசித்த நாளில் இருந்து தனக்கு நித்திரை இல்லை என்றாள். நான் வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாப்பா அவளைப் பார்த்துக் கேட்டார்.

“நான் இரிந்த நேரம் முழுக்க நீ நிண்டயா மகள்?”

“ஓம் ஐயா.”

“அந்தப் பரீட்சைக்குப் போகவும் நிண்ட காலோடயா போனாய்?”

அவள் சிரித்தாள். வாப்பா திரும்பி உள்ளே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கதிரைதான், அது அவருடையது. வேறு யாரும் அதில் இருப்பதில்லை. அதைத் தூக்க முடியாமல் தூக்கி, காலை இழுத்து இழுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். தோளில் கிடந்த துவாயால் துடைத்தார்.

“இரி மகள். இத ஒரு தொரயும் சொல்லல்ல. நான் சொல்றன்.”

அவள் இருந்தாள். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றப் போனா. பிறகுதான் அவள் வந்த மற்ற விஷயத்தைச் சொன்னாள். கந்தோரில் வேலை கூடிவிட்டது, இன்னொரு ஆள் எடுக்கப் போகிறார்கள். அடுத்த கிழமை பேப்பரில் வரும். கடிதத்தை உரியவளிடம் கொடுக்கச் சொன்ன அந்தப் பிள்ளையும் விண்ணப்பம் போடுமா என்று மனேஜர் கேட்டாராம். அவர் சொல்லி அவள் வரவில்லை. கேட்டதை மட்டும் சொன்னாள்.

நான் வாப்பாவைப் பார்த்தேன். ஒரு தரம்தான் என்று பேசியிருந்தோம்.

“என்னய ஏன் பாக்கிறாய்?” என்றார் வாப்பா. “இந்தப் புள்ள இரிக்கிற கந்தோர்தானே. போ. எனக்கு ஒரு பயமும் இல்ல.”

அலுமாரிக்கு மேல் இருந்து புத்தகத்தை இறக்கினதும் உம்மாதான்.

இரண்டாவது தரம் போகும்போதும் வாப்பா கூட வந்தார். கந்தோருக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். ஓடையின் சுவர் நீளத்துக்கு ஒரு புது வாங்குப் பலகை போட்டிருந்தார்கள், பத்துப் பேர் தாராளமாக இருக்கலாம். அவள் வேலைக்கு வந்த முதல் மாதமே மனேஜரிடம் கேட்டு வாங்கிப் போட்டதாம். லொறிக்காரர்கள், மீன்காரர்கள், பில்லுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பியோன் வாப்பாவைக் கண்டதும் சிரித்து, உள்ளே கையைக் காட்டினார்.

இந்த முறை மூன்று பேரும் என்னிடம் கேட்டது கொஞ்சம்தான். வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் நன்றிக் கடிதம் எழுதினேன். ஒரு கோடும் போடவில்லை. அவள் மேசைக்குப் பக்கத்தில்தான் என் மேசை. ஒரு கவுண்டரில் இரண்டு பேரும் பல வருடம் வேலை செய்தோம். அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று நான் சொல்லிக் காட்டுவேன். எனக்கு வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று அவளும் விடமாட்டாள். யார் சொல்வது சரி என்று இன்னும் முடிவாகவில்லை.

வாப்பா மவுத்தாகி இப்போது நெடுங்காலம். ஆனால் அந்த இரண்டாவது நாள், பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது கண்ட காட்சி அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. வாப்பா வாங்கின் ஓரத்தில் இருக்கிறார். வாசலில் சாரம் கட்டிய ஒரு வயதான மனிதர், உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிறார். வாப்பா நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார்.

“வாங்க, வந்து இரிங்க. தொர இரிக்கச் சொன்னாரு.”

அந்த மனிதர் நம்பி வந்து இருந்தார். நான் பிழையான ஆளுக்கு எழுதிய அந்த ஒரு நன்றிதான், நான் எழுதிய கடிதங்களிலேயே சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.